அயோடின் திருத்தணிக்கு வந்த வழி

திருத்தணி கடைவீதியில் உப்பு கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “கல்லு உப்பா, தூள் உப்பாக்கா?” தூள் என்றால் கம்பெனி பாக்கெட். கல் என்றால் அதுவும் பாக்கெட்டாக இருக்கலாம். மூட்டையைப் பிரித்து அளந்து போட்டதாகவும் இருக்கலாம். ஊறுகாய்க்கும் திருஷ்டி கழிக்கவும் கல் உப்புதான். குழம்புக்கும் அதுதான் ருசி என்று சொல்கிறவர்கள் நிறைய. ருசி விஷயத்தில் நான் அவர்கள் கட்சி. ஆனால் அந்தப் பாக்கெட்டுக்கும் அந்த மூட்டைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ருசி அல்ல. வீட்டுக்கு வந்து சேரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. எடையில் அது ஓர் அரிசி மணிக்குக்கூட ஈடாகாது. இந்த 15 மில்லிகிராம் எங்கே பிறந்து, எப்படி இந்த மலையடிவாரம் வரை வந்தது, வந்தபின் மனித உடம்புக்குள் என்னவெல்லாம் ஆகிறது என்பதே இங்கே சொல்லப் போகும் கதை.

பிறந்த ஊர் பெரும்பாலும் சிலி. அந்நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் ‘கலீச்சே’ என்ற படிவு நிலமட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. அதைத் தோண்டி, நீரில் கரைத்து, நைட்ரேட்டையும் அயோடினையும் பிரிக்கிறார்கள். உலகம் பயன்படுத்தும் அயோடினில் பாதிக்கு மேல் இந்தப் பாலைவனத்துச் சரக்கு. அடுத்த பெரிய பங்கு ஜப்பானுடையது. சீபா பகுதியின் நிலத்தடி உவர்நீரிலிருந்து அங்கே எடுக்கிறார்கள். இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது.

மூன்று பக்கம் கடல் இருந்தும் அயோடினை விலைக்கு வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும், கம்பெனிக்காரன்தான் நம்மை ஏமாற்றுகிறான் என்ற பேச்சும் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. கணக்கு எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனையும் சிந்தாமல் சிதறாமல் உப்போடு படிந்தாலும் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் தேறாது. உண்மையில் பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி கசப்பு நீரோடு போய்விடுகிறது. கடலில் இருக்கும் அயோடினைச் சேர்த்து வைத்துக்கொள்பவை கடற்பாசியும் மீனும்தான்.

மனிதன் அயோடினை முதலில் பார்த்ததும் கடற்பாசியில்தான். 1811இல் பிரான்ஸில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடியுப்பு தயாரித்துக்கொண்டிருந்தார்; நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்ட காலம். கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியபோது ஊதா நிறத்தில் ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் கருமையான படிகமாக ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருடம் கழித்து, 1820இல், ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். அதற்குமுன் கழலைக்குக் கடற்பஞ்சைச் சுட்டுக் கொடுக்கும் பழைய வைத்தியம் ஐரோப்பாவில் இருந்தது. பலன் தருவது அதற்குள் இருக்கும் அயோடின்தான் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரிதான். ஆனால் அயோடின் கழுத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்ல அன்று யாராலும் முடியவில்லை.

சிலியிலிருந்து வரும் அயோடின் இங்கே பொட்டாசியம் அயோடேட் என்ற வெள்ளைப் பொடியாக மாற்றப்படுகிறது. மேலைநாடுகள் சிலவற்றில் அயோடைடு கலக்கிறார்கள். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் அயோடைடு நிற்காது, அயோடேட் நிற்கும். அது தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பாலும் தூத்துக்குடியில். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகமே அளம் வைத்திருக்கிறது. 2014இல் வந்த ‘அம்மா உப்பு’ அவர்கள் சரக்கு. பெரிய ஆலைகளில் ஓடும் பட்டையின் மீது உப்பு நகர்ந்துகொண்டிருக்க, மேலேயிருந்து அயோடேட் கரைசல் பூத்தூறலாக விழுகிறது. வேலை அவ்வளவுதான். செலவும் கிலோவுக்குச் சில பைசாக்கள். பிறகு லாரி ஏறி வடக்கே போகிறது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமானவர் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வி. ராமலிங்கசுவாமி. 1956இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார். சில வருடங்களில் அயோடின் போன இடங்களில் பிள்ளைகளின் கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. பலன் தெரிந்தபின் மூன்றாவது பகுதிக்கும் கலந்த உப்பையே கொடுத்தார்கள். அத்தனை வருடம் காத்திருந்த அந்தப் பகுதியின் குழந்தைகளை நினைத்தால் இன்றைய மனசுக்கு உறுத்தும். ஆனால் நாட்டின் கழலை ஒழிப்புத் திட்டம் 1962இல் தொடங்கியதற்கு அஸ்திவாரம் அந்த ஆய்வுதான்.

ஆரம்பத்தில் இது இமயமலை அடிவாரத்து வியாதி என்றே நினைத்தார்கள். மழையும் பனியாறும் வெள்ளமும் மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகின்றன என்பது உண்மை. ஆனால் சமவெளியிலும் தெற்கிலும் போய்ப் பார்த்தபோது அங்கேயும் குறைபாடு இருந்தது. கழலை என்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி உள்ளே நடக்கும் நஷ்டம். அதனால்தான் 1992இல் திட்டத்தின் பெயரிலிருந்து ‘கழலை’ போய் ‘அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்’ என்று மாறியது. அயோடின் கலக்காத உப்பைச் சமையலுக்கு விற்கத் தடை வந்தது. 2000இல் மத்திய அரசு அதை நீக்கியது. 2006இல் மறுபடி கொண்டுவந்தது.

சட்டம் இருக்கிறது. அளமும் பக்கத்தில் இருக்கிறது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடு. பட்டியலின் அடிமட்டத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு: 61.9. அதற்கு மேல்படியில் ஆந்திரம்: 63.9. உப்பு விளையாத ஊர்களுக்கு எல்லா உப்பும் பாக்கெட்டில்தான் போகிறது, அதனால் அயோடினும் கூடவே போய்ச் சேருகிறது. உப்பு விளையும் ஊருக்கோ பாத்தியிலிருந்து வாரிய உப்பு மூட்டையாக நேரே வருகிறது. அருகில் இருப்பதே இங்கே வினையாகிவிட்டது.

திருத்தணி இந்த இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. மாநிலம் பிரித்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு போன ஊர் இது, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. எல்லைக்கோடு எந்தப் பக்கம் நகர்ந்திருந்தாலும் உப்புக் கணக்கில் இரண்டு விழுக்காடுதான் வித்தியாசம். சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்த தலம் என்று ஊர் சொல்லும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்துக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுதான். மலைக்குப் படிகள் 365, வருஷத்துக்கு நாள் கணக்காக. டிசம்பர் 31 இரவு ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடியபடி ஏறுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஏறும் ஒருவரின் உடம்புக்குள் போவோம். காலையில் பொங்கலோடு உள்ளே போன அயோடேட், குடலில் அயோடைடாக மாறி ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அங்கே அதற்கு இரண்டு வழிதான். ஒன்று சிறுநீரகம், அது வெளியே தள்ளும். இன்னொன்று கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, சுமார் 20 கிராம் எடையுள்ள தைராய்டு. அதன் செல்களின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியம் உள்ளே நுழையும் விசையைப் பயன்படுத்தி அயோடைடையும் கூடவே இழுத்துவருவது அதன் வேலை. இரத்தத்தில் இருப்பதைப்போல 20 முதல் 40 மடங்கு அயோடைடை அது உள்ளே குவிக்கிறது. இந்தப் புரதத்தின் மரபணுவை 1996இல் நான்சி கராஸ்கோவின் குழு பிரித்தெடுத்துக் காட்டியது. கதையின் பின்பாதி முழுக்க இந்த ஒரு புரதத்தைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

பிடித்த அயோடினைத் தைராய்டு என்ன செய்கிறது என்பதில்தான் மற்ற நாளமில்லாச் சுரப்பிகளிலிருந்து அது விலகுகிறது. கணையம் இன்சுலினைச் செய்து செல்லுக்குள்ளேயே சிறு பைகளில் வைத்திருக்கும். அட்ரீனல் கார்ட்டிசோலைச் சேமிப்பதே இல்லை, கேட்கும்போது செய்து அனுப்பும். தைராய்டு செல்கள் மட்டும் வட்டமாகக் கூடி நின்று, நடுவே ஒரு குளத்தை உண்டாக்கி, அதில் தைரோகுளோபுலின் என்ற பிரமாண்டமான புரதத்தைக் கொட்டிவைக்கின்றன. அந்தப் புரதத்தின் டைரோசின் கண்ணிகளில் அயோடின் ஒட்டப்படுகிறது. ஒரு கண்ணியில் ஒன்று அல்லது இரண்டு. இரண்டு கண்ணிகள் இணைந்தால் நான்கு அயோடின் உள்ள தைராக்சின், அல்லது மூன்று அயோடின் உள்ள டி3. ஆனால் இன்னும் விடுதலை இல்லை. புரதத்தோடு பிணைந்தே குளத்தில் கிடக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான சரக்கு எப்போதும் கைவசம். உடம்பில் மொத்தம் இருக்கும் 15, 20 மில்லிகிராம் அயோடினில் முக்கால்வாசி இந்தக் குளங்களில்தான். அயோடின் எப்போதோ ஒருமுறை கிடைக்கும் நிலப்பரப்பில் உயிர் வாழ வந்த விலங்குகளுக்கு இப்படிச் சேர்த்துவைக்கும் சுரப்பி இல்லாமல் கட்டுப்படியாகியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திறக்கும் அதிகாரம் மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரியிடம். இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி அனுப்பும். அது தைராய்டு செல்லின் வாசலில் உள்ள ஏற்பியைத் தட்டியதும், செல் குளத்திலிருந்து ஒரு வாய் அள்ளி விழுங்கி, புரதத்தைச் செரித்து, தைராக்சினைப் பிரித்து மறுபக்கம் இரத்தத்தில் விடுகிறது. ஹார்மோனாகாமல் மிஞ்சிய கண்ணிகளிலிருந்து அயோடினைக் கழற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. வீணடிப்பது அதன் வழக்கத்தில் இல்லை. ஒரு நாளைக்கு வெளியே போகும் தைராக்சின் சுமார் 80 முதல் 100 மைக்ரோகிராம். தைராக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொள்கிறது.

சிலியில் தோண்டி, தூத்துக்குடியில் தெளித்து வந்த அயோடின் இப்போது இதயத்துக்கும் மூளைக்கும் மயிர்க்கால்களுக்கும் போகிறது. போன இடத்தில் நான்கில் ஓர் அயோடினை உருவிவிட்டால்தான் ஹார்மோனுக்கு முழு வீரியம். உருவும் நொதிக்கு செலினியம் வேண்டும். டி3 செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தைராய்டு குறைந்தவர் நூறாவது படியிலேயே அசந்து உட்காருவார். குளிர் தாங்காது, முடி கொட்டும், நாடி மந்தமாக அடிக்கும். அதிகமானவருக்கு முதல் படியில் கால் வைக்கும் முன்பே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும்.

தைராய்டுக்குள் அயோடின் இருக்கிறது என்பதை 1895இல் ஜெர்மனியின் ஓய்கன் பௌமன் கண்டார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். இன்று மருந்துக்கடையில் எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று பாட்டிலில் வாங்குவது அதன் வாரிசு. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டவுடன் காபி குடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்வார். நம் ஊரில் இந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். நாட்டின் எட்டு நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு என்றது. இவர்களில் பலருக்குக் காரணம் அயோடின் பற்றாக்குறை அல்ல, உடம்பின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதுதான். அதனால் ‘தைராய்டு இருக்கிறது, உப்பை மாற்றலாமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது.

இதுவரை சொன்னது அடக்கத்தோடு நடக்கும் சுரப்பு. கட்டி வந்தால் அடக்கம் போகிறது. ஆனால் எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி அல்ல.

தைராய்டில் தனியாக ஒரு முடிச்சு வளர்ந்து, பிட்யூட்டரி சொல்வதைக் காதில் வாங்காமல் தானே தைராக்சினைக் கொட்டும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, சாதாரணக் கட்டிதான். எப்படிக் கட்டுப்பாடு போனது என்பது 1993இல் தெரிந்தது: செல் வாசலில் இருக்கும் டி.எஸ்.எச். ஏற்பியின் மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருக்கிறது. யாரும் தட்டாமலே கதவு திறந்துகிடக்கிறது. இரத்தத்தில் ஹார்மோன் நிரம்பியதும் பிட்யூட்டரி டி.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்துகிறது. நல்ல தைராய்டு வேலையில்லாமல் அடங்கிவிடுகிறது. வரும் அயோடின் முழுவதையும் கட்டியே இழுத்துக்கொள்கிறது. ஸ்கேனில் அந்த ஒரு புள்ளி மட்டும் கறுத்துத் தெரியும். இதற்கு ‘சூடான முடிச்சு’ என்று பெயர். அயோடினை எடுக்காதது ‘குளிர்ந்த முடிச்சு’. கேட்பவர்கள் சூடானதற்குத்தான் பயப்படுவார்கள். மருத்துவர்கள் ஊசி குத்திப் பார்க்க அவசரப்படுவது குளிர்ந்ததற்கு.

புற்றுநோயாக மாறிய தைராய்டு செல்லும் அயோடினை மறக்காமல் இருக்கலாம் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சாட்சி கிடைத்தது. 1923இல் ஒருவருக்குத் தைராய்டை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். வருடங்கள் கழித்து அவருக்குத் தைராய்டு அதிகமான அறிகுறிகள் எல்லாம் வந்தன: படபடப்பு, இளைப்பு, நடுக்கம். கழுத்தில் சுரப்பியே இல்லை. ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவியிருந்த புற்று அங்கங்கே உட்கார்ந்து அயோடினைப் பிடித்துத் தைராக்சின் செய்துகொண்டிருந்தது. சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தார்கள். பரவிய கட்டிகள் ஒவ்வொன்றும் அதை ஆவலோடு வாங்கிக்கொண்டு அடிபட்டன. 1946இல் அது வெளியானது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1941இல், பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் சாதாரணத் தைராய்டு மிகைக்குக் கதிர் அயோடின் கொடுத்திருந்தார். புற்றுநோயைத் தேடிப்போய் அடிக்கும் மருந்தைப் பற்றி இன்று எவ்வளவோ விளம்பரம் பார்க்கிறோம். அந்த வகையில் மூத்தது இதுதான், அதுவும் வெறும் ஒரு தனிமம்.

இங்கே அயோடினின் இரண்டாவது பயணம் தொடங்குகிறது. இதன் பிறந்த ஊர் சிலி அல்ல, மும்பைக்கு அருகே டிராம்பே. 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையில் டெல்லூரியம் ஆக்சைடை வைத்து நியூட்ரான்களால் தாக்குகிறார்கள். தனிம அட்டவணையில் டெல்லூரியம் அயோடினுக்குப் பக்கத்து வீடு. ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு, சிறிது நேரத்தில் ஓர் எலக்ட்ரானை விட்டு, அயோடின்-131 ஆகிவிடுகிறது. அதைப் பிரித்து, ஈயக் கலத்தில் அடைத்து, கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப் தொழில்நுட்ப வாரியம் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. இதற்குக் கிடங்கு என்ற பேச்சே இல்லை. எட்டு நாளில் பாதி போய்விடும், பதினாறு நாளில் முக்கால். எனவே நோயாளி வரும் தேதியும் சரக்கு வரும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். உப்பில் கலந்த அயோடின் மாதக்கணக்கில் காத்திருக்கும், இது காத்திருக்காது.

திருத்தணியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று திசைகள். வடக்கே திருப்பதி, ஸ்விம்ஸ். தென்மேற்கே வேலூர், சி.எம்.சி. கிழக்கே சென்னை. இங்கே பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் படிப்புக்காகப் போனதும் இதே திருப்பதி, வேலூர், சென்னைதான். ஊரின் கால்கள் அந்தக் காலத்திலிருந்தே பழகிய வழி. தைராய்டு புற்று என்று உறுதியானால் முதலில் அறுவை. சுரப்பியை எடுத்தபின், தேவைப்படுகிறவர்களுக்குக் கதிர் அயோடின்.

அதற்கு முன்னே ஒரு தயாரிப்பு உண்டு. தைராக்சின் மாத்திரையைச் சில வாரம் நிறுத்துவார்கள், இல்லையென்றால் டி.எஸ்.எச். ஊசி போடுவார்கள், மிச்சமிருக்கும் செல்கள் அயோடினுக்குத் தவிக்க வேண்டும். கூடவே ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு: கடல்மீன் கூடாது, பால் கூடாது, அயோடின் உப்பு கூடாது. காரணம் அளவில் இருக்கிறது. 100 மில்லிகியூரி என்பது பெரிய மருந்தளவு. அதிலுள்ள அயோடின்-131இன் எடை ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. நாம் தினமும் உணவில் சாப்பிட வேண்டிய 150 மைக்ரோகிராம் சாதாரண அயோடின் உடம்பில் இருந்தால், செல்லின் வாசலில் இந்தத் துளிக்கு இடமே கிடைக்காது. சுரப்பிக்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது. இதே காரணத்தால்தான் அணு உலை விபத்துக்கு முன்னெச்சரிக்கையாகச் சாதாரண அயோடின் மாத்திரையை இருப்பு வைக்கிறார்கள்: நல்லதால் வாசலை நிரப்பிவிட்டால் கெட்டது நுழையாது. 1986இல் செர்னோபில்லைச் சுற்றி, அயோடின் குறைந்த மண்ணில் வாழ்ந்த குழந்தைகளின் காலியாக இருந்த தைராய்டுகள் பாலோடு வந்த கதிர் அயோடினை அப்படியே வாங்கிக்கொண்டன. பின்னால் ஆயிரக்கணக்கில் தைராய்டு புற்று வந்தது.

மருந்து ஒரு மாத்திரை அல்லது ஒரு வாய்த் தண்ணீர். குடித்தபின் தனி அறை. அந்த அறையின் கழிவறைத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போவதில்லை. தொட்டியில் தேக்கி, கதிர்வீச்சு தணிந்தபின்தான் விடுகிறார்கள். உள்ளே போன அயோடின், பழைய பழக்கப்படி, தைராய்டு செல் எங்கே ஒளிந்திருந்தாலும் போய்ச் சேர்கிறது. நுரையீரலில் இருந்தாலும், எலும்பில் இருந்தாலும். அங்கிருந்து அது வீசும் எலக்ட்ரான் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் பக்கத்து உறுப்பு பெரும்பாலும் தப்பிக்கிறது. எலக்ட்ரானை வீசியபின் அந்த அயோடின் அயோடினாக இருப்பதில்லை. செனான் என்ற வாயுவாக மாறி மூச்சோடு வெளியேறுகிறது. வீட்டுக்கு வந்தபின்னும் சில நாள் குழந்தைகளைத் தூக்கக் கூடாது, கர்ப்பிணிகள் பக்கத்தில் படுக்கக் கூடாது. கூட்டுக்குடும்பத்தில் இதை விளக்குவதற்கே தனித் திறமை வேண்டும்.

சுரப்பி போனபின் வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை. 100 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் 65 மைக்ரோகிராம் அயோடின். உடம்பு அதை ஒவ்வொன்றாகக் கழற்றும். பிடித்துவைக்கச் சுரப்பி இல்லாததால் சிறுநீரில் போய்விடும். கண்காணிப்புக்கு இரத்தத்தில் பார்ப்பது அந்தப் பிரமாண்டமான புரதத்தை, தைரோகுளோபுலினை. குளங்களே இல்லாதவரின் இரத்தத்தில் அது இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ ஒரு தைராய்டு செல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தைராய்டில் வரும் எல்லாப் புற்றும் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. மெடுல்லரி வகை, தைராய்டுக்குள் குடியிருக்கும் ‘சி’ செல்களில் வருவது. அவை சுரப்பது கால்சிட்டோனின், அயோடினோடு அவற்றுக்கு எந்த உறவும் கிடையாது. கதிர் அயோடின் அங்கே பயனில்லை. இன்னும் சங்கடமானது வேறொன்று: அயோடினைப் பிடித்துக்கொண்டிருந்த புற்று காலப்போக்கில் அந்த வழக்கத்தை விட்டுவிடுவது. இழுத்துவரும் புரதத்தைச் செய்வதையே செல் நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போகும். ஸ்கேனில் எதுவும் தெரியாது. ஹார்மோன் சுரக்கும் கட்டியைக் கண்டு மிரள்வது இயல்பு. ஆனால் தைராய்டைப் பொறுத்தவரை, சுரக்கத் தெரிந்த கட்டிக்குக் கைவசம் மருந்து இருக்கிறது. சுரப்பதையே மறந்த கட்டிதான் மருத்துவரைத் தடுமாற வைக்கிறது.

அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று 2013இல் அமெரிக்காவில் பார்த்தார்கள். கட்டியின் வளர்ச்சிச் சமிக்ஞையை மட்டுப்படுத்தும் செலுமெட்டினிப் என்ற மாத்திரையைக் கொடுத்தபின் 20 பேரில் 12 பேரின் கட்டிகள் முன்பைவிடக் கூடுதலாக அயோடினை எடுத்தன. 8 பேருக்குக் கதிர் அயோடின் கொடுக்கும் அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு, அறுவை முடிந்த, மீண்டும் வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அதே மாத்திரையைக் கதிர் அயோடினோடு சேர்த்துப் பெரிய சோதனையில் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. அயோடினை அறவே எடுக்காத கட்டிகளுக்கு இப்போது சொராஃபெனிப், லென்வாட்டினிப் மாதிரியான மாத்திரைகள் உண்டு. கட்டியின் வளர்ச்சியை அவை சில காலம் நிறுத்திவைக்கின்றன. அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு டிராம்பேயிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை, அயோடின் உப்புக்கும் தடை கிடையாது. அடிக்கடி பார்க்க வேண்டியது இரத்த அழுத்தத்தை.